ஒரு லிட்டர் என்றால் எவ்வளவு?

எதிர்வீட்டுப் பெண் பி.பார்ம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நான் அடுப்பில் டீ வைத்த நேரத்தில் ஒரு தாளோடு வந்து நின்றாள்.

"அத்தை, பொதுமக்களுக்கு ஓ.ஆர்.எஸ். கலக்குற முறையை அரைப் பக்கத்துக்கு எழுதணுமாம். பத்து மார்க். இதுல எழுத என்ன இருக்கு? பாக்கெட்டைப் பிரிச்சுத் தண்ணில போடுன்னா ஒரே வரி. மிச்ச இடத்தை எப்படி நிரப்புறதுன்னுதான் தெரியல."

கருவிகளுக்குக் கையேடு எழுதுவது, பிறகு அந்த எழுத்தையே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது என்று எனக்கு 25 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த ஒரு வரியில் எவ்வளவு இருக்கிறது என்பதை அவளுக்கு எப்படியாவது காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. உட்காரச் சொல்லித் தாளை வாங்கினேன். இப்படி எழுதியிருந்தாள்:

"வாய்வழி நீரேற்றுக் கரைசலானது வயிற்றுப்போக்கினால் ஏற்படும் நீரிழப்பினை ஈடுசெய்யும் பொருட்டு அளிக்கப்படுகிறது. மேற்படி பொட்டலத்தினைப் பிரித்து, கொதிக்க வைத்து ஆற வைக்கப்பட்ட 1 லிட்டர் நீரில் நன்கு கரைத்து, தேவைக்கேற்ப உட்கொள்ளப்படல் வேண்டும். தயாரிக்கப்பட்ட கரைசல் 24 மணி நேரத்திற்குள் உபயோகிக்கப்படல் வேண்டும்."

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. தகவலும் தப்பில்லை. வகுப்பில் இதற்கு எட்டு மார்க் நிச்சயம் கிடைக்கும். நான் ஒன்றும் சொல்லாமல் அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மாவுக்கு 78 வயது. தினமும் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர். "அம்மா, ஒரு குழந்தைக்கு வயித்தால போகுதுன்னு வெச்சுக்கோ. இந்தத் தாள்ல போட்டிருக்கிறபடி கலக்கு" என்று தாளையும், மருந்து டப்பாவிலிருந்த 1 லிட்டர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றையும் கொடுத்தேன். அந்தப் பெண்ணிடம், "பாட்டி என்ன செஞ்சாலும் நீ வாயைத் திறக்கக் கூடாது. பார்க்க மட்டும் செய்" என்றேன். வகுப்பிலும் எனக்கு இதுதான் முதல் விதி.

அம்மா முதல் வாக்கியத்தை உதடசைத்துப் படித்தார். அதில் அவர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. இரண்டாவது வாக்கியத்துக்கு வந்தார். "பொட்டலத்தினைப் பிரித்து." கத்தரிக்கோலை எடுத்து ஓரத்தை வெட்டினார். பிறகுதான் கொதித்து ஆறிய தண்ணீர் வேண்டும் என்று தெரிந்தது. பிரித்த பாக்கெட்டை இடது கையில் பிடித்தபடி வலது கையால் அடுப்பைப் பற்றவைத்தார். தண்ணீர் கொதித்து ஆறும்வரை அது மேடையில், ஆவிக்குப் பக்கத்தில், வாய் திறந்து கிடந்தது. அடுத்து "1 லிட்டர்". அலமாரியைப் பார்த்தார். சொம்பு இருந்தது, மூன்று அளவுகளில் டம்ளர் இருந்தது. "சொம்பு ஒரு லிட்டர் பிடிக்கும்" என்று அவரே முடிவுசெய்து, நிறையத் தண்ணீர் ஊற்றித் தூளைப் போட்டுக் கலக்கினார். கடைசியில் "தேவைக்கேற்ப" என்ற சொல்லில் விரலை வைத்து நிமிர்ந்தார்.

"தேவைன்னா எவ்வளவு? குழந்தை கேட்டாக் குடுக்கணுமா, கேக்காட்டியும் குடுக்கணுமா?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். குழந்தையின் தாய் நடு இரவில் இந்தத் தாளைப் படிக்கும்போது பதில் சொல்ல இவள் பக்கத்தில் இருக்கப்போவதில்லை.

சொம்பில் இருந்ததை ஒரு காலி 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிப் பார்த்தோம். முக்கால் பாட்டில்தான் வந்தது.

"கொஞ்சம்தானே அத்தை குறையுது" என்றாள். டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு விளக்க ஆரம்பித்தேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 1 லிட்டர் பாக்கெட்டில் இருப்பது 20.5 கிராம் தூள். குளுக்கோஸ் 13.5, உப்பு 2.6, டிரைசோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. சிறுகுடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு உள்ளே போகும் வழி ஒன்று உண்டு. அவை போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். காலரா கண்ட குடலில்கூட இந்த வழி அடைபடுவதில்லை. இந்த மருந்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் கரைசல் அடர்த்தியாகிவிட்டால் போக்கு தலைகீழாகிறது. குடல் உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கத் தொடங்கும், ரத்தத்தில் உப்பு ஏறும். சரியாகக் கலந்தால் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் வரும். முன்பு அது 90 ஆக இருந்தது. குறைத்தால் இன்னும் நல்லது என்று ஆராய்ந்து பார்த்து 2002இல் 75 ஆக்கினார்கள். அம்மாவின் முக்கால் லிட்டர் சொம்பில் அது 100. பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்து இறக்கிய எண்ணை எங்கள் வீட்டுச் சொம்பு ஒரு நிமிடத்தில் ஏற்றிவிட்டது. கடையில் 200 மி.லி.க்கான சின்ன பாக்கெட்டும் விற்கிறார்கள். அதை டம்ளரில் கலக்கிப் பழகியவர், பெரிய பாக்கெட்டையும் அதே டம்ளரில் கொட்டினால் ஐந்து மடங்கு.

தூளைச் சரியாக நிறுத்துப் பொட்டலம் போட ஒரு தொழிற்சாலையே இருக்கிறது. தண்ணீரை அளக்கும் பொறுப்போ தாளில் இருக்கும் எழுத்தை நம்பி விடப்பட்டிருக்கிறது. மருந்தின் கடைசி மூலப்பொருள் அந்த வாக்கியம்தான். இதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை.

வரிசையைப் பற்றிச் சொல்லும்போது என் சொந்தத் தப்பையும் அவளிடம் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நீராவி அழுத்தத்தில் கருவிகளைக் கிருமி நீக்கும் ஒரு சாதனத்துக்குக் கையேடு எழுதினேன். "மூடியைத் திறக்கவும்" என்று ஒரு வரி. அடுத்த வரியில், "அழுத்தமானி பூஜ்யத்தைக் காட்டிய பின்னரே திறக்க வேண்டும்." இரண்டும் இருந்தன, இரண்டும் சரி. கையேட்டை வைத்துக்கொண்டு வேலை செய்த ஒருவர் முதல் வரியைப் படித்தார், திறந்தார். மணிக்கட்டு வெந்துபோனது. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஒரு வரி படிப்பார்கள், ஒரு வேலை செய்வார்கள். கண் அடுத்த வரிக்குப் போவதற்குள் கை செய்து முடித்திருக்கும். அன்றிலிருந்து எச்சரிக்கையைச் செயலுக்கு முன்னால் வைக்காத ஒரு பக்கத்தையும் நான் கையெழுத்திட்டு அனுப்பியதில்லை. பாக்கெட்டைப் பிரிப்பதைத் தண்ணீர் அளந்த பிறகு சொல்ல வேண்டும் என்பதும் அதே பாடம்தான், காயம் மட்டும்தான் வேறு.

நன்னூல் படித்திருப்பாயே என்று கேட்டேன். பன்னிரண்டாம் வகுப்போடு விட்டுப்போச்சு அத்தை என்றாள். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய இலக்கணம். அதன் பாயிரத்தில், ஒரு நூலில் வரக் கூடாத குற்றங்கள் என்று பத்தைச் சொல்கிறார். அதில் குன்றக் கூறல் ஒன்று, அதாவது வேண்டியதைச் சொல்லாமல் விடுவது. "தேவைக்கேற்ப" அந்த வகை. மிகைபடக் கூறல் இன்னொன்று. உன் முதல் வாக்கியம் அந்த வகை. மயங்க வைத்தல் என்று மூன்றாவதாக ஒன்று, இப்படியா அப்படியா என்று படிப்பவரைத் திகைக்க விடுவது. நம் மொழியில் கையேடு எழுதுகிறவர்கள் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய பட்டியல் அது. "படல் வேண்டும்" என்று முடித்தால்தான் கௌரவம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, பவணந்தியிடமிருந்து வரவில்லை. "உட்கொள்ளப்படல் வேண்டும்" என்றால் யார், யாருக்கு, எதை? "குழந்தைக்குக் குடிக்கக் கொடுங்கள்" என்றால் ஆள் தெரிகிறது, வேலை தெரிகிறது.

இந்தக் கரைசலை முன்வைத்தே, எழுத்து என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது வங்கதேசம். அதைச் சற்று நிதானமாகவே அவளுக்குச் சொன்னேன், ஏனென்றால் எந்தப் பாடப்புத்தகத்திலிருந்தும் நான் அவ்வளவு கற்கவில்லை.

1980இலிருந்து 1990 வரை பத்து ஆண்டுகள் பிராக் என்ற தொண்டு நிறுவனம் அந்த நாட்டில் வீடு வீடாகப் போனது. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள். பாக்கெட் எல்லா ஊருக்கும் போய்ச் சேராத காலம். அதனால் வீட்டில் இருப்பதை வைத்தே கலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். வங்காளத்தில் அதற்கு லொபோன்-குர், அதாவது உப்பு-வெல்லம் என்று பெயர். பெரும்பாலான தாய்மார்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனவே தாள் இல்லை. நினைவில் வைக்க வேண்டியவை என்று பத்துக் குறிப்புகளை வாய்மொழியாகச் சொன்னார்கள். பத்து நிற்கவில்லை என்று தெரிந்ததும் ஏழாகக் குறைத்தார்கள். தொழில்முறை எழுத்தில் பத்தை ஏழாக்கும் வேலையைவிடக் கடினமானது எனக்குத் தெரிந்து இல்லை. எழுதியவருக்குப் பத்தும் முக்கியமாகத்தான் தெரியும்.

அரை சேர் பிடிக்கும் பாத்திரம் எல்லார் வீட்டிலும் இருக்காது. ஆகவே சொல்லிக்கொடுக்கப் போனவர், அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே தண்ணீரை அளந்து ஊற்றி, அது நிற்கும் இடத்தில் கோடு போட்டுக் கொடுத்தார். அம்மா அலமாரியைப் பார்த்துத் திகைத்தாரே, அந்த இடத்துக்கான பதில் இதுதான். பிறகு பணியாளர் கலக்கிக் காட்டிவிட்டு எழுந்து போகவில்லை. தாயையே கலக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கு மேல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். சில வாரங்கள் கழித்து வேறொரு குழு அதே ஊருக்குப் போகும். சில வீடுகளைப் பொறுக்கி எடுத்து, அந்தத் தாயிடம் என்னென்ன நினைவிருக்கிறது என்று கேட்கும். கலக்கச் சொல்லி, அந்தக் கரைசலில் மாதிரி எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பும். சொல்லிக்கொடுத்தவரின் ஊதியம் அதைப் பொறுத்தது. எத்தனை வீட்டுக்குப் போனார் என்று பார்க்கவில்லை, எத்தனை தாய்மார்களுக்கு நினைவு நின்றது என்று பார்த்தார்கள். கையேடு எழுதுகிற நமக்கும் பக்கக் கணக்குக்குப் பதிலாக இப்படி ஒரு கணக்கு இருந்திருந்தால் எத்தனை பக்கங்கள் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அப்படியும் ஒரு சிக்கல் வந்தது. தாய்மார்கள் சரியாகக் கலக்கிக் காட்டுகிறார்கள், ஆனால் குழந்தைக்கு நோய் வந்தபோது பலர் கொடுக்கவில்லை. ஏன் என்று தோண்டியபோது காரணம் ஒன்றல்ல. ஒன்று, சொல்லிக்கொடுத்த பணியாளர்களிலேயே பெரும்பாலோர் தங்கள் வயிறு கெட்டபோது இதைக் குடித்திருக்கவில்லை. நம்பாததைச் சொன்னால் கேட்பவர் கண்டுபிடித்துவிடுவார். அவர்களுக்கே அறிவியலை மறுபடி கற்பித்தார்கள். இன்னொன்று, வீட்டு ஆண்களை விட்டுவிட்டார்கள். மூன்றாவதுதான் எனக்கு மிகப் பெரிய பாடம். பணியாளர்கள் "டயரியா" என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். ஊரில் வயிற்றால் போவதற்கு நான்கு பெயர்கள் இருந்தன. பால்குடிக் குழந்தைக்கு வருவது ஒன்று, அஜீரணத்தால் வருவது ஒன்று, சளியும் ரத்தமுமாக வருவது ஒன்று. "டயரியா" என்று ஊர்க்காரர்கள் சொன்னது நான்காவதை, காலரா போலத் தண்ணீராகக் கொட்டுவதை மட்டும். ஆகவே அது வந்தால் கொடுத்தார்கள். மற்றதற்கெல்லாம் இந்த மருந்து இல்லை என்று நினைத்துக்கொண்டார்கள். சொன்னவர் ஒன்றை நினைத்துச் சொன்னார், கேட்டவர் வேறொன்றைக் கேட்டார், இரண்டு பேருமே கவனமானவர்கள்தான்.

"நம்ம ஊர்ல எப்படி?" என்று அவளிடமே கேட்டேன். யோசித்தாள். அம்மாதான் முதலில் சொன்னார்: "பேதி வேற, சீதபேதி வேற. கைக்குழந்தைக்குன்னா மாந்தம்பாங்க." அவள் தாளில் "வயிற்றுப்போக்கு" என்பதன் கீழே கோடு போட்டுக்கொண்டாள். மாந்தம் என்று நினைக்கும் ஒரு தாய், வயிற்றுப்போக்குக்கான தாளைத் தனக்கில்லை என்று மடித்து வைத்துவிடலாம் என்பது அவளுக்கு அப்போதுதான் பட்டது.

ஒரு பெயர் எவ்வளவு செய்யும் என்பதற்கு இன்னொரு சம்பவமும் உண்டு. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்க எல்லையில் போன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலநபிஸ், உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த தூளைப் பொட்டலங்களாகக் கட்டவைத்து, டிரம்மில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். 100க்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 4க்கும் கீழே இறங்கியது. சலைன் ஏற்றினால்தான் வைத்தியம் என்று நம்பியவர்களிடம் உப்புத் தண்ணீரைக் குடி என்றால் எடுபடுமா? அதை அவர் வாயால் குடிக்கும் சலைன் என்று சொல்லவைத்தார். பொய் ஒன்றும் இல்லை அதில். ஏற்கெனவே நம்பிக்கை இருந்த ஒரு சொல்லைத் துணைக்கு அழைத்தார், அவ்வளவுதான். 2022இல் அவர் மறைந்தார், அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் வந்தது.

அதே நம்பிக்கையைத் தவறாகவும் பயன்படுத்தலாம். நம் நாட்டில் சர்க்கரை பல மடங்கு இருந்த பானங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளோடு மருந்துக் கடையில் விற்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கலவை இது அல்ல என்று ஓரத்தில் ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். பெயர் பெரியது, குறிப்பு சின்னது. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். வரக் கூடாது என்று உத்தரவிட்டது. பெரிய எழுத்தில் சொன்னதைச் சின்ன எழுத்தில் மறுப்பது விளக்கம் ஆகாது என்று நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு அரசாணையாகப் பார்த்தபோது மனம் நிறைந்தது.

டீ இரண்டாவது முறை போட வேண்டியிருந்தது. அவள் தாளைத் திருப்பிப் போட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தாள். நான் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. வேண்டிய சாமான்களை முதலில் சொல், ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை என்றேன். குழந்தை குடிக்கவே முடியாமல் துவண்டால், மலத்தில் ரத்தம் வந்தால், கண் குழிவிழுந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதைத் தாளின் தலையில் போடு, அடியில் போடாதே என்றேன்.

கொடுக்கும் அளவில்தான் அவள் நின்றாள். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி. கையிலிருந்த டீ கிளாஸைப் பார்த்தாள். இருமல் மருந்து மூடியால் தண்ணீர் ஊற்றி அளந்தாள். விளிம்பு வரை 100 வந்தது. "அரை கிளாஸ்லேர்ந்து ஒரு கிளாஸ்" என்று எழுதினாள். உடனே அடித்தாள். "எல்லார் வீட்லயும் கிளாஸ் ஒரே மாதிரி இருக்காதே அத்தை." கொஞ்ச நேரம் கழித்து, "10 முதல் 20 டீஸ்பூன். ஒரு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுங்கள்" என்று எழுதினாள். எனக்கு அந்த அடித்தல் போதும். மற்றவர் வீட்டு அலமாரியை அவள் மனத்தில் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

முடித்ததும் அவளே எழுந்து போய் அம்மாவைக் கூட்டிவந்தாள். இரண்டாவது பாக்கெட்டை மேடையில் வைத்தாள், கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

அம்மா கையைக் கழுவினார். தண்ணீரைக் கொதிக்கவைத்தார். அது ஆறும்வரை பாக்கெட் பிரிக்கப்படாமலே கிடந்தது. ஆறிய தண்ணீரை 1 லிட்டர் பாட்டிலில், கடையில் வாங்கும்போது இருந்த அளவுக்கு நிரப்பிப் பாத்திரத்தில் ஊற்றினார். அதற்குப் பிறகு பாக்கெட்டைக் கையில் எடுத்தார். தூள் முழுவதையும் தட்டிக் கொட்டி, அடியில் உறுத்தல் இல்லாமல் கரையும்வரை கலக்கினார். ஸ்பூனில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். பாத்திரத்தை ஒரு தட்டால் மூடினார். தாளின் கடைசி வரிவரை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ராத்திரி முழுக்கக் குடுத்தும் மிச்சம் இருந்தா? காலைல குடுக்கலாமா, கொட்டிடணுமா?"

முதல் தாளில் 24 மணி நேரம் என்று ஒரு வரி இருந்தது. புதிதாக எழுதும்போது அது எங்கோ நழுவியிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராக வந்து மேஜையிலிருந்த பேனாவை எடுத்தாள். "பாட்டி, இதைக் கலக்கும்போது மணி என்ன?" என்று கேட்டாள். அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ஆறேகால்.

"கலக்கிய நேரத்தைப் பாத்திரத்தின் மேல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள்" என்று எழுதத் தொடங்கினாள்.